பதினாறாவது படம்

வேணியின் வேலை கண்ணுக்குள் இருப்பதைப் படம் பிடிப்பது. அருப்புக்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் மாடியில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட அறை ஒன்றில் பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். தாடையை இதில் வையுங்கள், நெற்றியை ஒட்டுங்கள், பச்சைப் புள்ளியையே பாருங்கள் என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடமாவது சொல்வாள். வந்தவர் இமைப்பதற்குள் பளீரென்று ஒரு வெளிச்சம் அடிக்கும். அடுத்த நொடி, அவருடைய விழித்திரை ஆரஞ்சு நிறத்தில் கம்ப்யூட்டரில் தெரியும். அதில் ரத்தக் குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து ஓடும்.

அப்பா சௌடப்பன் விசைத்தறி ஓட்டியவர். வீட்டில் பேசுவது கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். பிளஸ் டூ முடித்ததும் மதுரையில் இரண்டு வருஷம் கண் டெக்னீஷியன் பயிற்சி படித்துவிட்டு நேராக இந்த அறைக்கு வந்து உட்கார்ந்தவள் வேணி. அவள் கை வேகமானது. அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த வேகம் மிகவும் தேவைப்படுவது மஞ்சள் ஊசிப் படத்துக்கு. கை நரம்பில் ஒரு மஞ்சள் மருந்தை ஏற்றுவார்கள். அது பன்னிரண்டு நொடிபோல ஓடிக் கண்ணுக்கு வந்து சேரும். எந்தக் குழாயில் ஓட்டை, எங்கே கசிகிறது என்பதை அந்த மருந்து காட்டிக் கொடுக்கும். சிலர் மருந்து வந்து சேரும் நேரத்துக்குக் காத்திருந்து படம் எடுப்பார்கள். வேணி காத்திருக்க மாட்டாள். ஊசி ஏறத் தொடங்கியதுமே காமிராவை வேகத்தில் போட்டு, நொடிக்கு மூன்று வீதம் பளிச் பளிச்சென்று அடித்துக்கொண்டே போவாள். ஒரு நொடியும் தவறக்கூடாது என்பது அவள் கணக்கு.

போன வருஷம் ஆடி மாசத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் மாரீஸ்வரன் வந்தான். வயது இருபத்தாறு. நரிக்குடிக்கும் அந்தப் பக்கம் ஒரு ஊர். சொந்தமாக நாலு ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. மழையில்லாத மாசங்களில் சீமைக்கருவேலங்கரி லோடு ஏற்றப் போவான். வலது கண்ணில் கறுப்புக் கறுப்பாக நூல் மிதப்பதுபோல இருக்கிறது என்று வந்திருந்தான். விழித்திரைக் குழாய்கள் அழன்று ரத்தம் கசிகிற வியாதி அது. இளவயது ஆண்களுக்குத்தான் அதிகம் வரும். டாக்டர் இம்மானுவேல் பார்த்துவிட்டு மஞ்சள் ஊசிப் படம் எடுத்துவரச் சொன்னார்.

வராந்தாவில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டார். ஆஸ்துமா உண்டா, இருதயக் கோளாறு உண்டா, வலிப்பு உண்டா. பக்கத்தில் மனைவி பேச்சி இருந்தாள். ஒன்றும் கிடையாது என்றான் மாரீஸ்வரன். மூன்று கேள்விக்கும் சேர்த்து ஒரே கோடு விழுந்தது.

முதல் நாள் முழுக்க லோடு ஏற்றிவிட்டு, சரியாகத் தூங்காமல், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தான். சொட்டு மருந்து விட்டு இரண்டு கண் பாப்பாவையும் விரித்திருந்தார்கள். வேணி அவனை உட்கார வைத்தாள். ஊசி ஏறியது. அவள் அடிக்கத் தொடங்கினாள்.

நாலைந்து நொடி போயிருக்கும். அவன் தோள் ஒருமுறை துள்ளியது. பிறகு இமைகள் படபடத்தன. அவள் காமிராவிலிருந்து முகத்தை எடுத்துப் பார்ப்பதற்குள் அவன் உடம்பு விறைத்து ஸ்டூலிலிருந்து சரிந்தது. எட்டி அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். அதனால் மண்டை தரையில் மோதவில்லை. கைகால் வெட்டி வெட்டி இழுத்தன. சத்தம் கேட்டு ஓடிவந்த யாரோ சாவிக்கொத்தை அவன் கையில் திணிக்க வந்தார்கள். வேணி தடுத்துவிட்டாள். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை நிமிஷத்தில் அடங்கியது.

ஆபரேஷன் அறையிலிருந்து டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்து, வேர்த்து வெளிறிப்போய், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கிடந்தான் மாரீஸ்வரன். காமிரா அறைக்குப் பொறுப்பாளர் சக்திகுமார், ஊசி போட்டதும் மயங்கிவிட்டார் சார் என்றார். அந்த ஊசி ஆயிரத்தில் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டுதான். நாடித்துடிப்பைப் பார்த்து, சாயங்காலம்வரை படுக்க வைத்து, ஃபைலில் சிவப்பு மையால் எழுதி அனுப்பினார்கள்: இவருக்கு இந்த மருந்தை இனிமேல் கொடுக்கக் கூடாது.

வேணி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மருந்துதான் காரணம் என்றால் அது யார் குற்றமும் இல்லை. அவள் அடித்த வெளிச்சம்தான் காரணம் என்றால் அது அவள் விரல் செய்தது. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தவள், பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள் என்று அவள் கணவன் கார்த்தீஸ்வரன் பின்னாளில் சொன்னான்.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மாரீஸ்வரனின் படங்களைத் திறந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே நொடி பதிவாகியிருந்தது. பன்னிரண்டாவது படம்வரை நன்றாக இருந்தன. பதின்மூன்றில் இமை குறுக்கே வந்திருந்தது. பதினான்கும் பதினைந்தும் ஆடிப்போயிருந்தன. பதினாறாவது படத்தில் விழித்திரையே இல்லை. கண் மேலே செருகி வெள்ளை மட்டும் இருந்தது. ஊசி ஏறி ஆறு நொடி ஆகவில்லை. அதற்கு முந்தின எல்லாப் படத்திலும் ரத்தக் குழாய்கள் கறுப்பாகவே இருந்தன; மருந்து வந்திருந்தால் இந்தப் படத்தில் அவை வெள்ளையாக ஒளிர்ந்திருக்கும். மஞ்சள் மருந்து கண்ணுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அவனுக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது.

முதலில் சக்திகுமாரிடம் காட்டினாள். கெட்டவர் இல்லை அவர், ஆனால் பயந்தவர். "எழுதுனது எழுதுனதா இருக்கட்டும் வேணி. தோண்டுனா உன் கைதான் வெளிய வரும்" என்றார்.

"என் கைதாண்ணே. அதான் காட்டுறேன்" என்றாள் வேணி.

டாக்டர் இம்மானுவேல் அன்று ஓ.பி. முடித்து எழுந்திருக்கும் நேரம். வேணி பதினாறு படங்களையும் வரிசையாகக் காட்டி, தான் பார்த்ததைப் பார்த்த வரிசையிலேயே சொன்னாள். தோள் துள்ளியதையும், எத்தனை வேகத்தில் அடித்தாள் என்பதையும் விடவில்லை. அவர் மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசி நான்கு படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"சிலருக்கு விட்டு விட்டு அடிக்கிற வெளிச்சம் பட்டா வலிப்பு வரும். படிச்சிருக்கேன், நேர்ல பார்த்ததில்ல" என்றார். படத்திலிருந்து கண்ணை எடுத்து, "நீங்க இதைச் சொல்லாம இருந்திருந்தா, இவருக்கு லேசர் வைக்கிறப்ப நானே மறுபடி இதைச் செஞ்சிருப்பேன்" என்றார்.

அப்போதுதான் வேணிக்கு முழு ஆபத்தும் புரிந்தது. கசிகிற இடத்தைச் சுட்டு அடைக்க வைக்கும் லேசரும் வெளிச்சம்தான், நூற்றுக்கணக்கான முறை பளிச்சிடும். இல்லாத ஆபத்தை ஃபைலில் எழுதி, இருக்கிற ஆபத்தை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அந்த ஃபைலை நம்பி யார் வைத்தியம் பார்த்தாலும் அவன் மறுபடி விழுவான்.

மாரீஸ்வரனுக்குப் போன் போட்டாள். பேச்சிதான் எடுத்தாள். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டியாகிவிட்டது, அந்த ஊசி ஆளைக் கொன்றுவிடும் என்று உங்கள் ஆஸ்பத்திரியிலேயே சிவப்பில் எழுதியிருக்கிறதாமே, இனி வரமாட்டோம் என்றாள். கண் எப்படி இருக்கிறது என்று வேணி கேட்டாள். சாணித் தண்ணிக்குள் பார்க்கிற மாதிரி இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இரண்டாவது முறையும் ரத்தம் கசிந்திருக்கிறது என்பது வேணிக்கு விளங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கணவனிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். திருச்சுழி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். காலை வெயில் மரங்களுக்கு நடுவே வெட்டி வெட்டி ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. முன்சீட்டுப் பெண் ஒருத்தி கண்ணைச் சுருக்கி, முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வேணி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். நரிக்குடியில் இறங்கும்போது, தான் என்ன கேட்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மாரீஸ்வரன் வீட்டில்தான் இருந்தான். பேச்சி முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். வேணி ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவில்லை. வலிப்பு என்ற சொல்லையும் சொல்லவில்லை.

"தம்பி, வெயில் சாஞ்ச நேரத்துல பைக்குல வாரப்ப மரத்துக்கு ஊடால வெளிச்சம் விட்டு விட்டு மூஞ்சியில அடிக்குமில்ல. அப்ப உங்களுக்கு என்ன செய்யும்?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த நேரத்துல நான் அந்த ரோட்டுல வாரதில்லக்கா" என்றான். "கம்மாக்கரை வழியா சுத்தித்தான் வாரேன்."

எத்தனை வருஷமாக என்று வேணி கேட்டாள். அவன் சொல்லத் தொடங்கினான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஊர்ப் பொங்கலுக்கு சீரியல் லைட் கட்டியிருந்தார்கள். அது அணைந்து அணைந்து எரிவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவன், கண் முழித்தபோது அம்மா மடியில் கிடந்தான். அதற்குப் பிறகு இரண்டு முறை. வெளியே தெரிந்தால் எவனும் பெண் கொடுக்க மாட்டான் என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. சத்தியம் மட்டும் இருந்தது. இப்போதும் தூக்கம் கெட்ட நாட்களில் விடிந்ததும் கை தானாக வெட்டும் என்றான்.

கதவோரம் நின்றிருந்த பேச்சி, "அதான் காப்பித் தம்ளரை வீசுறீகளா?" என்று கேட்டாள். "நான் போட்ட காப்பி புடிக்கலன்னுல்ல நெனச்சேன். ரெண்டு வருசமா தூளை மாத்தி மாத்தி வாங்குறேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. சேலைகளை எடுத்துப் பைக்குள் வைப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. அம்மா வீட்டுக்குத்தான் கிளம்புகிறாள் என்று வேணி நினைத்தாள். ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டோமோ என்று பயந்தாள். மாரீஸ்வரனும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். எழுந்து நின்றவன், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

பேச்சி பையோடு வெளியே வந்தாள். அதில் அவனுடைய சட்டைகளும் இருந்தன.

"எந்த பஸ்ஸுல ஏறணும், யாரைப் பாக்கணும்னு மட்டும் சொல்லுங்கக்கா. இவுகளை நான் கூட்டிட்டு வாரேன்" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, "சத்தியம் உங்கம்மாவுக்குப் பண்ணுனது. எனக்கு இல்ல. இனிமே எங்கிட்ட மறைக்கக் கூடாது" என்றாள்.

மதுரையில் நரம்பு டாக்டர் அம்மா ஒருவர் அவனைப் பார்த்தார். தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும்போது, எதிரே ஒரு விளக்கை மினுக்கிக் காட்டினார்கள். விளக்கு வேகம் பிடித்ததும் கோடுகள் எகிறின; உடனே நிறுத்திவிட்டார்கள். சந்தேகத்துக்கு இடமில்லை. மாத்திரை தொடங்கினார். நாள் தவறக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, டாக்டர் சொல்லும்வரை பைக்கைத் தொடக்கூடாது. மாத்திரை ஆறு வாரம் சாப்பிட்டு, துள்ளல் நின்றபிறகு கண்ணைப் படம் எடுக்கலாம், ஆனால் எடுக்கிற விதத்தை மாற்ற வேண்டும் என்று இம்மானுவேலுக்குக் கடிதம் எழுதினார். நடுவில் வேணியே அந்த நரம்பு டாக்டரிடம் போனில் பேசினாள். அவள் அதுவரை அறியாத ஒன்றை அவர் சொன்னார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னால் போதாது. மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் சிவப்பாக இறங்கும், சிலருக்கு அது இன்னும் கெடுதல். படம் எடுக்காத கண்ணை வெளிச்சம் புகாமல் முழுக்க மறைக்க வேண்டும். ஒரு கண் வழியாக மட்டும் போனால் மூளையில் அதன் பலம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

அந்த ஆறு வாரமும் வேணி தன் கையைப் புதிதாகப் பழக்கினாள். காமிராவின் வேக ஓட்டத்தை நிறுத்தினாள். குறி பார்க்கும் விளக்கை எவ்வளவு மங்க வைக்க முடியுமோ அவ்வளவு மங்க வைத்தாள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் பத்து நொடியாவது இடைவெளி. வழக்கமாக எடுக்கும் நாற்பது படம் வேண்டாம், எந்தெந்த நேரத்தில் எடுத்தால் கசிவு தெரியும் என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசிப் பதினொன்றுக்குக் கொண்டுவந்தாள். ஒத்திகைக்கு யாரை உட்கார வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சக்திகுமார் தானாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்து தாடையை வைத்தார். ஒரு வாரம் தினமும் வந்தார். கண்ணை மறைக்கும் கறுப்பு அட்டையின் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது என்று கண்டுபிடித்து, அடியில் பஞ்சு வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை மாரீஸ்வரன் வந்தான். இந்தமுறை முதல்நாளே அருப்புக்கோட்டைக்கு வந்து பேச்சியின் சித்தி வீட்டில் தங்கி, எட்டு மணி நேரம் தூங்கி, மாத்திரையும் சாப்பாடும் முடித்து வந்தான். தரையில் மெத்தை விரித்திருந்தது. அவசரத்துக்கு மருந்தோடு நர்ஸ் நின்றார். டாக்டர் கதவோரம் நின்றார். பேச்சியையும் உள்ளே விடச் சொன்னாள் வேணி. பேச்சி அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கை துள்ளுனா எனக்குத்தான்க்கா மொதல்ல தெரியும். நான் சொல்றேன்" என்றாள்.

இடது கண்ணை மறைத்தாயிற்று. ஊசி ஏறியது. வேணி காத்திருந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவள் விரல் அப்படிச் சும்மா இருந்ததில்லை. பதின்மூன்றாம் நொடியில் முதல் படம். அவன் இமையைப் பார்த்தாள், பேச்சியைப் பார்த்தாள். பேச்சி தலையசைத்தாள். இரண்டாவது படம். மறுபடி காத்திருப்பு. ஐந்தாவது படத்துக்குப் பிறகு அவன் தண்ணீர் கேட்டான், கொடுத்தார்கள். சக்திகுமார் நொடிகளை மெதுவாக எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினொன்றாவது படம் எடுத்து முடித்தபோது ஒரு சிறு துடிப்புகூட இல்லை. பேச்சி கையை விட்டாள். அவன் மணிக்கட்டில் அவள் விரல் நான்கும் பதிந்திருந்தன.

கம்ப்யூட்டரில் விழித்திரை ஓரத்தில் மூன்று இடங்களில் மஞ்சள் மருந்து கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. இடம் துல்லியமாகத் தெரிந்தது.

"போதும். எனக்கு வேண்டியது எல்லாம் இதுல இருக்கு" என்றார் டாக்டர். ஃபைலை வாங்கி, பழைய சிவப்பு வரியைத் தன் கையால் அடித்துக் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே சரியானதை எழுதினார்.

லேசரை நான்கு தவணையாக, இடைவெளி விட்டு விட்டு, மறு கண்ணை மறைத்தே வைத்தார்கள். ரத்தம் கசிவது நின்றது. தை மாசம் பார்வைப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து, ஆடியில் மேல் எழுத்தை மட்டும் படித்த கண்ணால், கடைசிக்கு முந்தின வரிவரை படித்தான் மாரீஸ்வரன். பேச்சி அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள், அதையும் படித்தான். அவனுக்குப் பைக் கூடாது என்றதும் பேச்சி ஸ்கூட்டர் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். இப்போது அவள் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்து ஊரெல்லாம் போய்வருகிறான். சிரிப்பவர்களைப் பார்த்து அவனும் சிரிக்கிறான்.

ஆஸ்பத்திரியிலும் மாற்றம் வந்தது. வலிப்பு உண்டா என்று வராந்தாவில் கத்திக் கேட்பதை நிறுத்தினார்கள். காமிரா அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லி, வேணியே கேட்கிறாள். மரத்துக்கு நடுவே அடிக்கிற வெயில், கல்யாண வீட்டு சீரியல் லைட், விட்டு விட்டு எரியும் டியூப் லைட், விடிந்ததும் துள்ளுகிற கை. நெசவுக்காரத் தெருப் பெண்கள் வந்தால் கன்னடத்தில் கேட்பாள். எட்டு மாசத்தில் ஒன்பது பேர், படிவத்தில் இல்லை என்று போட்டவர்கள், அவளிடம் உண்டு என்றார்கள். அவர்களில் பஞ்சம்மாள் என்ற அறுபது வயது அம்மா, நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு, லேசாக இருக்கிறது என்று அந்த ஸ்டூலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

சித்திரையில் விருதுநகரில் கண் டெக்னீஷியன்கள் கூட்டம் ஒன்று நடந்தது. டாக்டர் தானே பேசாமல் வேணியைப் பேச அனுப்பினார். மேடையேறியதும் பதினாறாவது படத்தைத் திரையில் போட்டாள். திரை முழுக்க வெள்ளை விழி மட்டும் தெரிந்தது.

"இது தப்பான படம். இதை எடுத்தது நான்" என்று தொடங்கினாள்.

இருபது நிமிஷம் பேசினாள். எங்கும் தடுமாறவில்லை. முடிந்ததும் கைதட்டல் ஓய நேரமாயிற்று. அவள் கேள்விகளை எழுதிக் கொண்டுவந்த தாளைப் போனில் படம் எடுக்க வரிசை நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு மூத்த டாக்டர் எழுந்து, இப்படிக் கேட்கத் தொடங்கிய பிறகு உங்கள் அறையில் எத்தனை பேர் விழுந்தார்கள் அம்மா என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல சார்" என்றாள் வேணி.